கடல் நடுவே கரும்பலகை

பாம்பன் கரையில் நின்று தெற்கே நோக்கினால், நீலக் கடல்மீது பச்சைக் கோடு இழுத்தாற்போல் ஒரு திட்டுத் தெரியும். குருசடைத் தீவு என்பது அதன் பெயர். உலகத்து உயிரியல் அறிஞர்கள் அறிந்த பெயர் அது. சென்னை அரசு அருங்காட்சியகத்தார், 1927ஆம் ஆண்டிலேயே அத்தீவின் கரையோர உயிர்களைப்பற்றித் தனி நூலொன்று வெளியிட்டனர். முதுகெலும்புள்ள உயிர்களுக்கும் முதுகெலும்பற்ற உயிர்களுக்கும் இடையிலே பாலம்போல் நிற்கும் பலனோகிளாசஸ் எனும் புழு, அதன் மணலுக்குள்ளே வளை தோண்டி வாழ்கிறது. அதைக் கண்ணாரக் காண்பதற்கென்றே கல்லூரி மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக இரயிலேறி வந்தனர். வந்தனர், கண்டனர், குறித்தனர், பட்டம் பெற்றனர்; பலர் பேராசிரியர்களாகவும் உயர்ந்தனர்.

பாம்பன் வீட்டுப் பிள்ளையும் பலனோகிளாசஸ் படிக்கிறான்! பதினோராம் வகுப்பு விலங்கியல் புத்தகத்திலே படிக்கிறான். கரும்பலகையில் ஆசிரியர் எழுத, ஏட்டிலே அவன் எழுத, தேர்வுத் தாளிலே மீண்டும் எழுதி இரண்டு மதிப்பெண் பெறுகிறான். சன்னலைத் திறந்தால் கடற்காற்று வந்து ஏட்டின் பக்கத்தைப் புரட்டுகிறது. அந்தக் கடலுக்குள்தான் அந்தப் புழு இருக்கிறது. ஆனால், அவன் அதைக் கண்டதில்லை. காட்டுவாரில்லை. காட்டுவதற்குப் படகில்லை, படகுக்குப் பணமில்லை, பணம் ஒதுக்க வேண்டும் என்ற எண்ணமும் ஆள்வோர் எவருக்கும் எழவில்லை.

பசித்தவன் எதிரே பந்தி விரித்து, பந்தியைச் சுற்றி வேலியும் போட்டு, வேலிக்கு வெளியே அவனை நிறுத்தி, "சோற்றின் இலக்கணம் கூறுக" என்று கேட்டால் எப்படி இருக்கும்? தீவுப் பள்ளிகளிலே விஞ்ஞானக் கல்வி அப்படித்தான் இருக்கிறது, தோழர்களே!

சொற்ப இடமா அது? இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். 1986இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டது. 1989இல் பத்தாயிரத்து ஐந்நூறு சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. பவழ வகை மட்டும் நூற்றுக்கு மேல். வடபுறத்துப் பாக்கு நீரிணையிலே கடற்புல் மேயும் ஆவுளியா. அதாவது, நகரத்தார் கடற்பசு என்று பெயரிட்டு நாளேட்டில் படம் பார்க்கும் அந்த அரிய விலங்கு. அதற்கென 2022ஆம் ஆண்டு 448 சதுரக் கிலோமீட்டரில் தனிக் காப்பகமே அறிவித்தனர். நல்ல செயல்; பாராட்டுவோம். ஆனால் விலங்குக்கு அறிவித்த காப்பகத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பறை உண்டா என்று கேட்டால் கோபித்துக் கொள்ளலாகாது.

அறிவுக் களஞ்சியத்துக்கும் அங்கே குறைவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் சென்னையில் தோன்றி, 1949இல் மண்டபம் முகாமுக்கு வந்து, 1971வரை அங்கேயே தலைமையகம் கொண்டிருந்தது. பின்னர்த் தலைமை கொச்சிக்குப் போயிற்று. மண்டபத்து ஆய்வு நிலையம் இருக்கிறது, இயங்குகிறது. முகாம் என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்க் கூலிகளை அனுப்பும் முன் நோய் இருக்கிறதா என்று அடைத்துவைத்துப் பார்த்த முகாம் அது! ஏழைத் தமிழன் அடைபட்ட இடம் விஞ்ஞானக் கூடமானது, மகிழத்தக்க மாறுதல். அந்த மகிழ்ச்சி முழுமை பெற வேண்டுமானால், அக்கூடத்தின் கதவு அந்த ஏழையின் பேரப்பிள்ளைக்குத் திறந்திருக்க வேண்டாமா? திறப்பதுண்டு, ஆண்டுக்கு ஒருநாள், கண்காட்சி நாளிலே, வரிசையில் நின்று, கண்ணாடித் தொட்டிக்குள் நீந்தும் மீனைப் பார்த்து, கைதொடாதே என்ற எச்சரிக்கையும் கேட்டுத் திரும்பிவர!

வேடிக்கை பார்ப்பது வேறு, விஞ்ஞானம் பயில்வது வேறு. விஞ்ஞானம் கையில் பிறப்பது. அளந்தவனுக்குத்தான் அளவின் ஐயம் புரியும். எண்ணியவனுக்குத்தான் எண்ணிக்கையின் அருமை தெரியும். நேற்றுக் கிடைத்த விடை இன்று ஏன் கிடைக்கவில்லை என்று திகைத்து நிற்கும் அந்த ஒரு கணம், நூறு பக்கப் புத்தகம் தரமுடியாத பாடம்.

இதற்குச் சான்று தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. அதே தீவிலே, ஐந்தாம் வகுப்பிலே, ஓர் ஆசிரியர் பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். புரிந்ததா என்று கேட்டார். புரியவில்லை என்றான் ஒரு மாணவன். கோல் எடுக்கவில்லை அந்த ஆசிரியர். வகுப்பு முழுவதையும் மாலையில் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். கடற்பறவைகள் இறக்கை விரிப்பதையும், வால் திருப்புவதையும் காட்டினார். ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். புரியவில்லை என்ற மாணவர் அப்துல் கலாம். தமது வாழ்வின் திசையை அந்த மாலைப் பொழுதே முடிவு செய்தது என்று கலாம் மேடைதோறும் கூறினார். அவருக்கு மணிமண்டபம் எழுப்பினோம், பிறந்தநாள் கொண்டாடினோம், அவர் கண்ட கனவைக் காணுங்கள் என்று பிள்ளைகளுக்கு உபதேசமும் புரிந்தோம். அந்தக் கடற்கரைப் பாடத்தை மட்டும் பாடத்திட்டத்திலே சேர்க்க மறந்தோம்!

மேலும் ஒன்று பாருங்கள். அந்தப் பாடம் நடந்தது ஓர் ஆசிரியரின் நல்லெண்ணத்தால். நல்லெண்ணத்தை நம்பி நடக்கும் கல்வி, அந்த ஆசிரியர் மாறுதலாகிப் போனதும் நின்றுவிடும். நம்மைப்போன்ற இளம் ஆசிரியர்கள் இதை அன்றாடம் காண்கிறோம். நாம் அறிந்த பள்ளியொன்றிலே நுண்ணோக்கி இருக்கிறது, பீரோவுக்குள்ளே இருக்கிறது, பீரோ பூட்டிக் கிடக்கிறது. திறந்து பார்த்தபோது கண்ணாடி வில்லையிலே பூஞ்சை படர்ந்து, திருகாணி துருவேறித் திரும்ப மறுத்தது. உப்புக்காற்றுக்கு அரசாணை தெரியாது. கருவி வாங்கப் பணம் ஒருமுறை வந்தது. அதைத் துடைக்க, பழுதுபார்க்க, வில்லை மாற்றப் பணம் வரவேயில்லை. எனவே இருப்புப் பதிவேட்டில் நுண்ணோக்கி ஒன்று உயிரோடு இருக்கிறது. பீரோவிலே அதன் பிணம் இருக்கிறது. தணிக்கைக்கு வருவோர் பதிவேட்டைப் பார்த்து ஒப்பமிட்டுச் செல்வர்.

ஆகவேதான் நாம் கேட்பது தானமல்ல, தவணையல்ல, ஒருநாள் விழாவல்ல. ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்திலே ஒரு நிலையான தலைப்பு. தீவுப் பள்ளி மாணவர்க்குக் கடல் விஞ்ஞானச் செய்முறைக் கல்வி என்று ஒரு வரி. அதற்கு எதிரே ஒரு தொகை.

இங்கே ஒரு தோழர் எழுந்து நிற்பார். நமது முகாமைச் சேர்ந்தவர்தான், பகுத்தறிவாளர்தான், கண்ணிலே கனல் பறக்கக் கேட்பார்: "மீனவன் பிள்ளைக்குக் கடல் பாடமா? இது 1953ஆம் ஆண்டு ஆச்சாரியார் கொண்டுவந்தாரே, அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்று, அந்தக் குலக்கல்வி அல்லவா? அதை எதிர்த்துப் போரிட்டு, 1954இல் குழிதோண்டிப் புதைத்தோமே, அதைத் தோண்டியெடுக்கவா நீங்கள் புறப்பட்டீர்கள்?"

கேட்கத்தக்க கேள்வி. கேட்காவிட்டால்தான் வருந்த வேண்டும். அண்மையிலும் பார்த்தோம், 2023இல் மத்திய அரசு விசுவகர்மா திட்டம் என்று ஒன்று கொண்டுவந்து, படகு கட்டுவோர், வலை பின்னுவோர் உட்படப் பதினெட்டுத் தொழில்களைப் பரம்பரையோடு முடிச்சுப் போட்டதும், அந்த வடிவிலே அதை ஏற்க இயலாது என்று தமிழ்நாடு அரசு 2024இல் மறுத்ததும் நினைவிருக்கும். சூடுபட்ட சமுதாயம் அடுப்பைக் கண்டு தள்ளி நிற்பது இயல்பே.

ஆனால் தோழரே, பொறுமையுடன் வேற்றுமையைக் காணுங்கள். குலக்கல்வி பிள்ளையைப் பள்ளியிலிருந்து பிடுங்கிப் படகிலே போட்டது. நாம் கேட்பதோ படகைப் பள்ளிக்குக் கொண்டுவருவது. அது துடுப்பைக் கையிலே திணித்து, இதுதான் உன் தலையெழுத்து என்றது. இது வெப்பமானியைக் கையிலே கொடுத்து, இந்தக் கடல் ஏன் சூடாகிறது சொல் என்கிறது. அது கணக்கையும் பூகோளத்தையும் குறைத்தது. கடல் விஞ்ஞானமோ கணக்கின்றி ஓரடி நகராது. வேதியியலின்றி உப்பை அறியாது. பௌதிகமின்றி அலையை அறியாது. தீவிலே பிறந்து கடல் விஞ்ஞானம் பயின்றவன் மருத்துவனாகட்டும், வழக்கறிஞனாகட்டும், மண்டபத்து ஆராய்ச்சிக் கூடத்திலே விஞ்ஞானியாகட்டும், விரும்பினால் மீனும் பிடிக்கட்டும், தேர்ந்தெடுப்பவன் அவன். அப்பனுடைய சாதி தேர்ந்தெடுக்கக் கூடாது. தீவிலே தேநீர்க் கடைக்காரர் பிள்ளை இருக்கிறான், அலுவலர் பிள்ளை இருக்கிறான், கோயில் வீதிக் கடைக்காரர் பிள்ளை இருக்கிறான். எல்லோரும் அதே படகில் ஏறட்டும், அதே வாளியில் நீர் மொள்ளட்டும். ஒரு சாதிக்கென்று ஒதுக்கினால்தான் அது குலக்கல்வி. அப்படி ஒதுக்கும் திட்டம் எவர் தீட்டினாலும், முதலில் எதிர்ப்பது நாமாக இருப்போம்.

இன்னொரு வகை எதிர்ப்பும் உண்டு, சிரித்துக்கொண்டே சொல்லப்படுவது. "மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா? அவர்களுக்குத் தெரியாத கடலா?" என்பார்கள். புகழ்வதுபோல் புறந்தள்ளும் வித்தை இது. கொடுக்க மனமில்லாத கைக்குப் புகழ்ச்சி மலிவான சரக்கு.

தெரியும்தான். வடகடல் எது, தென்கடல் எது, வாடை வீசினால் எந்தக் கடல் கொந்தளிக்கும், கச்சான் வீசினால் எந்தக் கடல் படகு தாங்கும் என்பது பாம்பன் பாட்டிக்குத் தெரியும். மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாறையில் செழிக்கும், கஞ்சிப்பாசி எப்போது முற்றும் என்பது, கழுத்தளவு நீரில் மூழ்கி மூழ்கிப் பறிக்கும் பெண்களுக்குத் தெரியும். வேரோடு பிடுங்கினால் நாளைக்குப் பாசி இராது என்று கண்டு, மாதம் பன்னிரண்டு நாள் மட்டுமே பறிப்பது என்று தமக்குத் தாமே வரையறை செய்துகொண்டனர் அப்பெண்கள். பாம்பன் தீவின் சின்னப்பாலத்தைச் சேர்ந்த இலட்சுமி மூர்த்தி எனும் பாசி பறிக்கும் பெண்ணுக்கு, 2015இல் சீகாலஜி எனும் அமெரிக்க அமைப்பு தன் பரிசினை அளித்துப் பாராட்டியது. பட்டம் பெறாத இந்த அறிவை நாம் வணங்கவில்லை. வணக்கம் நமக்கு வழக்கமில்லை. மதிக்கிறோம்.

மதிப்பதாலேயே சொல்கிறோம்: அந்த அறிவு ஏட்டிலேறவில்லை. பாட்டி பறித்த பாசியிலிருந்து அகர் எடுக்கிறார்கள் ஆலையிலே. அந்தப் பாசியை ஆராய்ந்து ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுகிறார்கள் கூடத்திலே. கட்டுரையில் மரிக்கொழுந்து என்ற பெயர் இல்லை, ஜெலிடியெல்லா என்ற பெயர் இருக்கிறது. இரண்டும் ஒன்றென்று பேத்திக்குச் சொல்வாரில்லை. பேத்தி தன் குறிப்பேட்டிலே இரு பெயர்களையும் அருகருகே எழுதி, ஒரு சதுர மீட்டர்ச் சட்டத்துக்குள் எத்தனை கொத்து என்று எண்ணிப் பதிந்து, பறித்த இடத்திலும் பறிக்காத இடத்திலும் ஆறு மாதம் கழித்து மீண்டும் எண்ணட்டும். பாட்டியின் பன்னிரண்டு நாள் வரையறை போதுமா, குறைக்க வேண்டுமா, கூட்டலாமா என்பதற்கு அப்போது கணக்கு வரும். அந்தக் கணக்கோடு அதிகாரியின் முன் அந்தப் பெண் நின்றால், அதிகாரி நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்காருவார்.

இது ஏதோ அழகுக்காகச் சொல்லும் பேச்சல்ல; வயிற்றுப்பாட்டுச் செய்தி, சிறைவாசச் செய்தி. 2001இல் கடல் அட்டையையும் பவழத்தையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையிலே சேர்த்தனர். மீறினால் மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை சிறை. காலங்காலமாக அட்டை குளித்து வாழ்ந்தவன் ஒரு நாள் காலையில் குற்றவாளியானான். பவழப் பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டி எடுத்ததில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி எனும் இரு தீவுகள் கடலுக்குள் அமிழ்ந்தன என்பது உண்மை. எனவே தடை தேவையற்றது என்று நாம் வாதாடவில்லை. ஆனால் அட்டை மணலைத் தின்று மணலைத் தூய்மையாக்கும் உயிர் என்பதையும், அது மெல்லப் பெருகும் உயிர் என்பதையும், இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு மேலாகியும் தீவுப் பிள்ளைக்குக் காட்டி விளக்கினீர்களா என்று கேட்கிறோம். காவலர் வந்து கற்பித்தார். ஆசிரியர் வந்து கற்பிக்கவில்லை. தடை தவறென்றால் அதையும் அளந்து காட்டட்டும் பிள்ளைகள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுக்குத் தடை. மீன் முட்டையிடும் பருவம் என்கிறார்கள். தடைக்கு முன்னும் பின்னும் மீன் வயிற்றைக் கீறிச் சினையை நிறுத்துப் பார்க்க ஒரு தராசு போதும். அரசின் ஆணை சரியா என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி சோதித்துப் பார்க்கிறாள் என்றால், அதைவிடச் சிறந்த குடிமைப் பயிற்சி ஏது?

பவழம் வெளுக்கிறது. நீர் சூடேறினால், பவழத்துக்குள் குடியிருந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசிகள் வெளியேறுகின்றன, நிறம் போகிறது, நீடித்தால் உயிரும் போகிறது. 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் பெருமளவில் நடந்தது. அதே இடத்தில், அதே நேரத்தில், ஆண்டு முழுதும் ஒரு வெப்பமானியை நீரில் இறக்கி எழுதி வைக்கும் பணி இருக்கிறதே, அதைப் பள்ளியைவிடச் சிறப்பாக எவர் செய்ய முடியும்? ஆராய்ச்சியாளர் வருவார், போவார். பள்ளி இருந்த இடத்தில் இருக்கும். பத்தாண்டு கழித்து, பள்ளிக் குறிப்பேடு ஒரு நாட்டின் செல்வமாக இருக்கும். வேறொரு செய்தி: கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசியை மிதவையில் வளர்த்தால் குடும்பத்துக்கு வருமானம், அதே பாசி தப்பிச் சென்று குருசடைப் பவழத்தின்மேல் படர்ந்ததென்று 2008இல் ஆய்வாளர் எழுதினர். வருமானமும் வேண்டும், பவழமும் வேண்டும். முடிவெடுக்க வேண்டியவர் யார்? அங்கே வாழ்வோர். அவர்களுக்கு அளக்கத் தெரியாவிட்டால், அளக்கத் தெரிந்த வெளியூரார் முடிவெடுப்பர்.

பகுத்தறிவு இளைஞர்க்கு இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். அத்தீவுக்கு வரும் யாத்திரிகர்க்குத் தொட்டிநீரில் மிதக்கும் கல்லைக் காட்டுகிறார்கள். இராமன் பாலங்கட்டிய கல்லாம்! கும்பிட்டுக் காசு போடுகிறார்கள். நாம் மேடையேறிக் கண்டிக்கிறோம், கைதட்டல் கிடைக்கிறது, கல் மிதந்துகொண்டேயிருக்கிறது! ஒரு பள்ளிச் சோதனைக்கூடம் இருந்தால் கண்டனமே தேவைப்படாது. எரிமலைக் குழம்பு நுரைத்து உறைந்தால் நுரைக்கல். உள்ளெல்லாம் காற்றுக் குமிழி. 1883இல் கிரகதோவா எரிமலை வெடித்தபோது எழுந்த நுரைக்கற்கள் இந்துமாக்கடல் முழுதும் மிதந்து ஆப்பிரிக்கக் கரைவரை சென்றன. அவற்றின்மேல் எவர் பெயரும் எழுதியிருக்கவில்லை. ஒரு கல், ஒரு தராசு, அளவிட்ட ஒரு கண்ணாடிக் குவளை. எடையைக் கன அளவால் வகுக்கட்டும் எட்டாம் வகுப்பு மாணவன். விடை ஒன்றைவிடக் குறைவாக வந்தால் கல் மிதக்கும் என்பதை அவனே வீட்டிலே சொல்வான், அப்பன் கேட்பான், ஆத்தாள் கேட்பாள். ஆயிரம் சொற்பொழிவு நுழையாத வீட்டுக்குள் அந்தக் குவளை நுழையும்.

சரி, பணம்? பணம் எங்கே என்று பெருமூச்சு விடுவோர்க்கு ஒரு பட்டியல் தருவோம். பாம்பனில் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய இரயில் பாலத்துக்கு 550 கோடி ரூபாய்க்கு மேல். வேண்டாமென்போமா? 1964 டிசம்பர்ப் புயலிலே இரயிலும் தனுஷ்கோடியும் கடலுக்கிரையான கதையறிந்த எவரும் உறுதியான பாலம் வேண்டாமென்று சொல்லார். ஆழ்கடல் ஆராய்ச்சித் திட்டத்துக்கு 2021இல் மத்திய அமைச்சரவை ஒப்பிய தொகை 4,077 கோடி. ஆறாயிரம் மீட்டர் ஆழத்துக்கு மனிதனை இறக்கப்போகிறார்கள்; இறக்கட்டும். கரையோரத்தில் முழங்கால் ஆழத்திலே ஒரு வகுப்பை இறக்குவதற்கு அதில் எத்தனை விழுக்காடு தேவைப்படும்? அடல் ஆய்வுக்கூடம் என்ற பெயரிலே 2016 முதல் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு 20 இலட்சம் ரூபாய், கருவிக்குப் பாதி, நடத்துவதற்குப் பாதி என்று தருகிறார்கள். எந்திரப் பொம்மை செய்யலாம், அச்சுப்பொறியில் பொருள் வார்க்கலாம். அதே தொகையிலே கடற்கூடம் ஏன் கூடாது? பள்ளிக்குப் பணம் தர வழியே இல்லை என்ற பேச்சை அந்தத் திட்டமே பொய்யாக்குகிறது.

நமது மாநில அரசையும் விட்டுவைப்பதற்கில்லை. வானவில் மன்றம் என்று 2022இல் தொடங்கினார்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, செய்துபார்த்துக் கற்கும் விஞ்ஞானம். பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகள், 25 கோடி ரூபாய். நோக்கம் உயர்ந்தது. வகுத்துப் பார்த்தால் பள்ளியொன்றுக்கு இருபதாயிரம் ரூபாய் எட்டவில்லை. உள்நாட்டுப் பள்ளிக்கும் தீவுப் பள்ளிக்கும் ஒரே அளவுச் சட்டை. படகு வாடகை அதில் அடங்குமா? மிதவைச் சட்டை அடங்குமா? உப்பரித்த கருவிக்கு மாற்று அடங்குமா? நாகையிலே மீன்வளப் பல்கலைக் கழகம் 2012இல் கண்டனர். அரசுப் பள்ளி மாணவர்க்கு அத்தகைய படிப்புகளிலும் 7.5 விழுக்காடு என்று 2021இல் சட்டம் செய்தனர். மேல்மாடியிலே கதவு திறந்தாயிற்று, வாழ்த்துகிறோம். ஏணிக்குக் கீழ்ப்படி எங்கே? டெல்லி ஆண்டாரோ, கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்று 2024-25ஆம் ஆண்டுக்குரிய பள்ளிக் கல்வி நிதி இரண்டாயிரம் கோடிக்கு மேல் நிறுத்திவைத்தனர். இருவர் வழக்கிலே இடையில் நிற்கும் பிள்ளைக்கு வெப்பமானிகூட இல்லை.

கடல் சூழ்ந்த வேறொரு நாட்டைப் பாருங்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று ஹவாய்த் தீவருகே திடீரென மேலெழுந்து ஜப்பானியக் கப்பலொன்றைப் பிளந்தது, ஒன்பதுபேர் மாண்டனர், அவர்களில் நால்வர் மாணவர். அந்தச் சோகச் செய்தியிலே உலகம் கவனிக்காத செய்தி ஒன்றிருந்தது. எகிமே மாரு எனும் அக்கப்பல், உவஜிமா ஊரின் மீன்வள உயர்நிலைப் பள்ளியினுடைய பயிற்சிக் கப்பல்! கல்லூரியல்ல, பல்கலைக் கழகமல்ல; உயர்நிலைப் பள்ளி! பசிபிக் மாக்கடலைக் கடந்து மாணவரை அழைத்துச் செல்லும் கப்பல் ஒரு பள்ளிக்கு இருந்தது. மூழ்கிய மறு ஆண்டே அதே பெயரில் புதுக்கப்பல் கட்டினர். நாம் கப்பல் கேட்கவில்லை. ஒரு நாட்டுப்படகு, மாதம் நான்கு நாள் வாடகைக்கு.

ஆபத்து என்று அஞ்சுவோர் உண்டு. நியாயமான அச்சம். அதனால்தான் மிதவைச் சட்டைக்கும், காப்பீட்டுக்கும், நீந்தத் தெரிந்த துணையாளுக்கும் பணம் கேட்கிறோம். பணமில்லாமல் அழைத்துச் செல்லும் ஆசிரியர்தான் ஆபத்தை அழைத்துச் செல்கிறார். பெண்பிள்ளைகளைக் கரையிலேயே நிறுத்திவிடும் பழக்கமும் இந்த அச்சத்தின் போர்வையிலேதான் வருகிறது. தாயும் பாட்டியும் விடியலிலே கடலில் மூழ்கிப் பாசி பறிக்கலாமாம். மகள் குறிப்பேட்டோடு படகிலே ஏறினால் பண்பாடு கெட்டுவிடுமாம்! பெண்பிள்ளை ஏறாத படகுக்கு ஒரு காசும் தரலாகாது என்று விதியிலேயே எழுதட்டும்.

கலைப் பட்டம் பெற்றவர்களுக்கு இதிலே என்ன அக்கறை என்று சில நண்பர் கேட்கக்கூடும். பரணி பாடியவனும் பரதவர் வாழ்வு பாடியவனும் தமிழனென்று வகுப்பிலே முழங்குகிறோமே. நெய்தல் நிலத்தைப் பாடம் நடத்திவிட்டு நெய்தல் பிள்ளைக்குக் கடலை மறைத்தால் அந்த முழக்கம் எதற்கு?

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுவோம். தீவிலுள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஆண்டுதோறும் தனித் தொகை. அதிலே பழுதுபார்ப்புக்கென்று ஒரு பங்கு பிரித்து எழுதப்பட வேண்டும், வேறு செலவுக்கு எடுக்கக் கூடாது. பள்ளிகளுக்குப் பொதுவாக ஓர் ஆய்வுக்கூட உதவியாளர். உள்ளூர்க் கடலோடிகளிலிருந்தே ஒருவர், தினக்கூலியாக அல்ல, மாதச் சம்பளத்தில். மண்டபத்து ஆய்வு நிலையங்கள் ஆண்டுக்கொரு கண்காட்சியோடு கடன் தீர்ந்ததென்று எண்ணாமல், திங்கள்தோறும் குறித்த நாளில் மாணவரைத் தம் மேசையருகே உட்கார்த்திப் பணி செய்ய விட வேண்டும். விளக்கம் தமிழில் இருக்க வேண்டும். வனத்துறை, தேசியப் பூங்காவுக்குள் காக்கும் தீவுகளில் ஒன்றுக்காவது, பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியரோடும் அலுவலரோடும் சென்று எண்ணிப் பார்த்துத் திரும்ப ஆண்டு முழுதுக்குமான அனுமதிச் சீட்டு வழங்க வேண்டும். குருசடையே ஆகட்டும் அந்த ஒன்று.

விழிப்புணர்வு ஊர்வலம் என்று ஜூன் 8ஆம் நாள் பிள்ளைகளை வெயிலில் நடத்தி, கடலைக் காப்போம் என்று கத்தவைத்து, தொப்பியும் பனியனும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் செலவை அந்த ஆண்டே நிறுத்தலாம். அதுவே முதல் தவணையாகும்.

இயக்கத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்திலே படிப்பகம் நடத்தும் நம் இளைஞர்கள், தீவுப் பள்ளிகளுக்கு நேரே சென்று, எத்தனை நுண்ணோக்கி பதிவேட்டில் உள்ளது, எத்தனை வேலை செய்கிறது என்று இரண்டு பத்தியில் எழுதி வாங்குங்கள். தலைமையாசிரியர் தயங்கினால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்; பத்து ரூபாய்க் கட்டணம். அந்த இரு எண்களை மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவர்க்கும் அனுப்பி, மானியக் கோரிக்கை விவாதத்திலே எழுப்பச் சொல்லுங்கள். கோடைத் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்குகிறது. படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், பிள்ளைகளுக்கு விடுமுறை வரும், கடல் சூடேறும். அதற்குள் முதல் வெப்பமானியாவது நீரில் இறங்க வேண்டும்.